மருந்து படாத இடம்

தடைக்காலம் பதினோராம் நாள்.
தெற்குவாடியில் படகுகள் கட்டைமேல் ஏறி
வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றன.
எனக்கு நாள் சம்பளம் நானூற்றைம்பது.
சுரண்ட வேண்டும், தேய்க்க வேண்டும்,
மேலே பச்சை, அடியில் சிவப்பு மருந்துச் சாயம்.
யோசிக்க எதுவும் இல்லை.

நிழலுக்கென்று மூன்று பேர் வந்தார்கள்:
என் தங்கை ஜெசிந்தா,
நுங்கை விரலால் தோண்டியபடி மர்சூக்,
மூக்கை உறிஞ்சும் முனீஸ்.
ஓவியம் என்றால்
புத்தகத்து மயிலுக்குச் சொன்ன நிறம் அடிப்பது
என்று நினைத்திருந்தவர்கள்.

டப்பா மூடியில் ஒட்டியிருந்த மிச்சத்தை
மர்சூக் குச்சியால் கிண்டினான்.
பச்சையோடு கொஞ்சம் வெள்ளை.
'டேய், இதான்டா காலையில கடலு.'
ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.
கடல் அதற்குள் வேறாகியிருந்தது.
திரும்பி வந்து துளி நீலம்.
மறுபடி ஓட்டம்.
பொழுது சாய்கிறவரை இதே.
மணல் சுட்டதைப் பற்றி
ஒருவரும் பேசவில்லை.

என் பிரஷ்ஷைத் தரமாட்டேன் என்றேன்.
அறுந்த நைலான் கயிற்றின் முனையைப் பிரித்து,
கல்லில் வைத்துத் தட்டி
முனீஸ் ஒன்று செய்தான்.
என்னுடையதைவிட நன்றாக இருந்தது.
நான் சொல்லவில்லை.

ஜெசிந்தாவுக்கு ஆவுளியா வரைய வேண்டும்.
அவள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.
மனோலித்தீவுக்குத் தெற்கே ஒருமுறை
கன்றோடு மேலே வந்ததை அப்பா கண்டார்.
'பெருமூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு',
அவ்வளவுதான் சொல்வார்.
அந்தப் பெருமூச்சை வைத்துக்கொண்டு
அவள் ஒரு உடம்பு செய்யப் பார்த்தாள்.

முதல் நாள், 'தலகாணியா?' என்றேன்.
மறுநாள், 'உரலா?'
மூன்றாம் நாள் கேட்டபோது
என் முதுகில் ஈரச் சாயத்தோடு ஐந்து விரல்.
மண்ணெண்ணெய்த் துணியால் அழிப்பாள்.
அழித்த இடத்தையே வெகுநேரம் பார்ப்பாள்.
சோறு ஆறுதென்று அம்மா கூப்பிட்டால்
'இந்தா வாரேன்' என்பாள்.
அந்த 'இந்தா' அரைமணி நேரம் நீளும்.
வீட்டுப்பாடத்தை ஒருநாளும் முடிக்காதவள்.

ஆறாம் நாள் மணலில் குப்புறப் படுத்து
மூக்கைப் பொத்திக்கொண்டாள்.
முகம் கறுத்து, தாங்காமல் தலை தூக்கி
'ஹா'வென்று விட்டாள்.
எழுந்து போய்
முதுகுக் கோட்டை ஒரே இழுப்பில் போட்டாள்.
அதற்குப்பின் யாரும்
என்ன என்று கேட்கவில்லை.

'தண்ணிக்குக் கீழ போயிரும்டி. யாரு பாக்குறது?'
'அது தண்ணிக்குள்ளதான இருக்கும்' என்றாள்,
என்னை மடையனாகப் பார்த்து.

தடை முடிய இரண்டு நாள்.
'அடி முழுக்க மருந்து, ஒரு சாண் விடாத'
என்றார் ரொசாரி முதலாளி.
அணியத்தில் ஆரம்பித்து
அதன் மூக்குவரை வந்தேன்.
கை நின்றது.
மூக்கைச் சுற்றினேன்,
துடுப்பின் வளைவைச் சுற்றினேன்,
வால் பிளவுக்குள் நுனியை விட்டு எடுத்தேன்.
நானூற்றைம்பது ரூபாய்க்கு
அவ்வளவு நிதானமாக எதையும் செய்ததில்லை.
மூச்சைப் பிடித்திருந்தது
முடித்தபிறகுதான் தெரிந்தது.

அடுத்த தடைக்கு ஏறியபோது
படகின் அடி வழவழவென்று இருந்தது.
மருந்து படாத அந்த ஓரிடத்தில் மட்டும்
கொட்டலசு மொய்த்திருந்தது.
மூக்கு, துடுப்பு, வால்,
சொரசொரத்து, ஈரமாய், கனத்து.
முதலாளி என் பரம்பரையை ஏசினார்.
டீசல் கணக்கு சொன்னார்.
உளியை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மூன்று பேரும் வந்து நின்றார்கள்.
முனீஸ் இன்னும் மூக்கை உறிஞ்சினான்.
ஜெசிந்தா தடவிப் பார்த்தாள், விரல் கிழிந்தது.
சப்பிக்கொண்டே சொன்னாள்:
'வாலு சின்னதாப் போயிருச்சு.'

அழுவாள் என்று உளியை மறைத்திருந்தேன்.
'சுரண்டுண்ணே' என்றாள்.
மர்சூக் அதற்குள் மூடி தேடிக்கொண்டிருந்தான்.
'இந்தத் தடவ கன்னும் சேத்து.
எடம் பெருசா வேணும்.'

முதலாளி எங்கே நிற்கிறார் என்று
ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.